கெக்கோவுக்கு நம்மூர் வெயிலே போதுமா, ஹீட் மேட் வேணுமா?

பல்லடத்துக்காரன்:
வணக்கங்க. லெப்பர்ட் கெக்கோ என்கிற பல்லிக் குட்டி ஒன்று வாங்கியிருக்கிறேன், நாலு அங்குலம்தான் இருக்கும். கையில் 18 அங்குலப் பழைய மீன் தொட்டி இருக்கிறது. ஆற்று மணலைக் கொட்டி விட்டால் போதும் என்கிறார் கடைக்காரர். எங்களுடையது தகரக் கூரை வீடு. தொட்டிக்குச் சூடு கொடுக்கும் கரண்ட் விரிப்பு, அந்த ஹீட் மேட் இல்லாமலே சரியாக வருமா?

அமராவதி:
தாராளமாக வரும். அது பாலைவனத்துப் பிராணி, சித்திரையில் நம்ம ரூமே 35 டிகிரி அடிக்கும், அப்புறம் ஹீட் மேட் எதற்கு? மூன்று வருடமாக மணலில்தான் வளர்க்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

கொறங்காடு:
அண்ணா, கோபித்துக்கொள்ளாதீங்க, இதை நான் ஒத்துக்க மாட்டேன். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கம் அது இருக்கிற இடம் மணல் மேடு இல்லை, நம்ம காங்கேயம் மேய்ச்சல் காடு மாதிரி கல்லும் இறுகின மண்ணும்தான். சுண்ணாம்புச் சத்து குறைந்தால் மணலை நக்கும், குடலில் அடைத்துக்கொள்ளும். அடியில் டைல்ஸோ கடப்பாக் கல்லோ போடுங்க. தொட்டியும் 18 அங்குலம் பத்தாது, 3 அடி வேணும்.

ரூம் சூடாக இருப்பதும் தொட்டியில் சூடு இருப்பதும் வேறங்க. ஒரு ஓரம் 32 டிகிரி, மறு ஓரம் 25, அது தானே நடந்து போய்த் தேர்ந்தெடுக்க வேண்டும். சாப்பிட்டதும் வயிற்றுக்குச் சூடு கிடைத்தால்தான் ஜீரணம் ஆகும். தகரத்துக்குக் கீழே தொட்டி முழுக்க 36 ஆகிவிட்டால் அது எங்கே போய் ஒதுங்கும்?

அமராவதி:
சரி, மணலை விடுகிறேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பிரச்சினையே சூடு அதிகமாவதுதானே, அதற்கு மேலே ஹீட் மேட்டா?

கொறங்காடு:
மார்கழி விடியலை மறந்துட்டீங்கண்ணா. அப்போது வீட்டுக்குள்ளேயே சில்லென்று இருக்கும். மேட்டைத் தொட்டிக்கு வெளியே, அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் ஒட்டி, சூட்டைப் பார்த்து மேட்டை அணைத்துப் போடும் தெர்மோஸ்டாட் கருவியின் கம்பி முனையை அந்தக் கல் மேலேயே வைத்தால், வெயில் காலத்தில் அதுவே அணைந்துவிடும். தெர்மோஸ்டாட் இல்லாத மேட் வயிற்றைச் சுட்டுவிடும், அதற்கு மேட்டே வேண்டாம்.

அப்புறம் ஈரக் குகை. என் முதல் கெக்கோவுக்கு அதை வைக்காமல் விட்டேன். சட்டை உரித்தபோது விரல் நுனியில் மட்டும் நூல் சுற்றின மாதிரி வெள்ளையாக நின்றுவிட்டது, நான் கவனிக்கவில்லை. இறுகி இறுகி விரல் கருத்து, பத்தே நாளில் உதிர்ந்துவிட்டது. இன்றைக்கும் அந்தக் காலைப் பார்த்தால் மனசு கேட்காது. ஐஸ்கிரீம் டப்பாவில் ஓட்டை போட்டு, கழுவின தென்னை நார்த்தூளை ஈரமாக வைத்தால் முடிந்தது.

அமராவதி:
என்னுடையதுக்கும் ஒரு காலில் ரெண்டு விரல் இல்லை. வாங்கும்போதே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். இன்றைக்கே டப்பா வைக்கிறேன் தம்பி. ஆனால் நாலு அங்குலக் குட்டிக்கு 3 அடித் தொட்டி என்பதை மட்டும் ஏற்க மாட்டேன், வெட்டவெளியில் விட்டால் பயந்து இரையே எடுக்காது.

கொறங்காடு:
வெட்டவெளியாக விட்டால்தானங்க. உடைந்த சட்டிப் பானை, சீமை ஓடு, மரப்பட்டை என்று நிறைத்துவிட்டால் ஓட்டுக்கு ஓடு ஒளிந்தே போகும். வீட்டுப் பல்லி மாதிரி கண்ணாடியில் ஏற அதற்கு விரலில் ஒட்டுப்பட்டை கிடையாது, அதனால் உயரத்தைவிடத் தரைதான் முக்கியம். 18 அங்குலத்தில் சூட்டு ஓரம், குளிர் ஓரம் ரெண்டும் ஒன்றாகிவிடும்.

பல்லடத்துக்காரன்:
ரொம்ப நன்றிங்க. தொட்டியைத் தகரத்தடியில் வைக்காமல் சமையல்கட்டு ஓரத்தில், வடக்குச் சுவரை ஒட்டித் தரையில் வைக்கிறேன். நார்த்தூளுக்குப் பொள்ளாச்சியில் மச்சான் இருக்கிறார். 3 அடித் தொட்டி பழசாக யாரிடமாவது இருந்தால் சொல்லுங்க.