கிளைடரை இழுக்கும் விமானத்துக்கு முதுகில் கண் வேண்டுமா? கண்ணாடியா, கேமராவா?

தெர்மல்தேடி (வேளச்சேரி)
வேலைக்காக ஐந்தாண்டு தெற்கு ஜெர்மனியில் இருந்தபோது வார இறுதிகளில் கிளைடர் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஊர் திரும்பிய பிறகும் அங்கே நான் பறந்த கிளைடர் மன்றத்தின் மின்னஞ்சல்கள் வருகின்றன. இப்போது அங்கே ஒரு சண்டை. இழுவை விமானத்தின் வெளியே பொருத்தியிருக்கும் பின்பார்வைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பின்னால் கேமராவும் விமானியின் முன்னால் திரையும் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். நான் கேமரா பக்கம்.

இந்த விஷயம் புதிதாக இருப்பவர்களுக்கு: கிளைடருக்கு என்ஜின் கிடையாது. சுமார் 60 மீட்டர் கயிற்றில் ஒரு சிறு விமானம் அதை மேலே இழுத்துப்போகும். கயிற்றை விடுவிக்கும் கொக்கி இரண்டு பக்கமும் உண்டு. ஒருமுறை நான் ஏர்பிரேக்கைப் பூட்டாமல் கிளம்பிவிட்டேன். இறங்கும்போது இறக்கையின் மேல் எழுப்பும் தகடு அது. ஏறும்போது எழுந்து நின்றால் முன்னால் இழுப்பவருக்கு மூச்சு முட்டும். அவர் கண்ணாடியில் பார்த்து, வாலில் இருக்கும் சுக்கானை இடமும் வலமும் ஆட்டினார். எனக்கு உறைத்தது, மூடினேன். அந்த மங்கலான வட்டக் கண்ணாடியில் அவர் கண்ணில் பட்டது என் அதிர்ஷ்டம்.

பல்லாவரம் பெரியவர்
தம்பி, அது அதிர்ஷ்டமில்லை, கண்ணாடி. அதற்கு மின்சாரம் வேண்டாம், ஒயர் வேண்டாம், திரை உறைந்துபோகாது. விமானப் பராமரிப்பில் 34 ஆண்டு இருந்தவன் சொல்கிறேன்: என்ஜினிலிருந்து வரும் எண்ணெயும் புகைக்கரியும் வயிற்றுப்பக்கமாக வழிந்து வால்வரை படியும். காலையில் துடைத்த தகட்டில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். அங்கே போய் லென்ஸை வைக்கிறேன் என்கிறீர்கள். போதாததற்கு, விமானத்தில் ஒரு பிராக்கெட் கூடுதலாகப் பொருத்தினாலும் அது மாறுதல்; அதற்கு ஒப்புதல் வேண்டும்.

ரிச்சித் தெரு
ஐயா, ஒப்புதல் கண்ணாடிக்கும்தான் வேண்டும். லாரிகளுக்குக் கேமரா பொருத்துவதுதான் என் தொழில். வயிற்றுப்பக்கம் எண்ணெய் என்றால் வால் துடுப்பின் உச்சியில் வையுங்கள். ஐ.நா.வின் 46ஆம் எண் வாகன விதி 2016 முதலே கண்ணாடிக்குப் பதில் கேமராவை ஏற்கிறது. சாலையில் சரி என்றால் வானத்தில் ஏன் கூடாது?

கயிற்றின் முன்முனை
இழுத்தவன் பேசலாமா? ஆஸ்திரேலியாவில் இரண்டு பருவம் பைப்பர் பானி ஓட்டினேன். பயிருக்கு மருந்து தெளிக்கச் செய்த விமானம். இப்போது பல நாடுகளில் கிளைடர் இழுக்கிறது. நீங்கள் கண்ணாடியா கேமராவா என்று அடித்துக்கொள்கிறீர்கள். இரண்டையும் நம்பாதீர்கள் என்பது என் கட்சி.

எங்களைக் கொல்வது ஏர்பிரேக் அல்ல, காத்தாடி. பின்னால் இருப்பவர் கவனம் சிதறி மேலே ஏறிவிட்டால், கயிற்று நுனியில் கிளைடர் காத்தாடி போலச் செங்குத்தாகக் கிளம்பும். என் வாலை மேலே தூக்கும், என் மூக்கு தரையைப் பார்க்கும். மூக்கைத் தூக்கும் வால் தகடான எலிவேட்டரை எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை. எல்லாம் இரண்டு மூன்று விநாடியில் முடிந்துவிடும். நூறு மீட்டர் உயரத்தில் இது நடந்தால் மீள இடமே இல்லை. அந்த நேரம் கண்ணாடியில் அழகு பார்த்துக்கொண்டிருப்பதா, கயிற்றை விடும் நெம்புகோலில் கை இருப்பதா? அதுவும் எல்லாக் கொக்கியும் விடாது. ஷ்வைட்சர் வகைக் கொக்கியில் கயிறு மேல்நோக்கி இழுபட்டால் இறுகிக்கொள்ளும். டோஸ்ட் வகை சுமையிலும் விடும். கேமராவுக்கு ஒதுக்கும் பணத்தில் முதலில் கொக்கியை மாற்றுங்கள்.

நம் ஊர் ஆட்டோக்களில் சைடு மிரர் உள்ளே இருக்கும், கவனித்திருப்பீர்கள். ஓட்டுநர் அதில் பின்சீட்டைப் பார்ப்பார், பஸ் பக்கவாட்டில் உரசும். விமானத்தில் கண்ணாடி வைத்தால் அந்த ஆட்டோ நினைவுதான் எனக்கு வருகிறது. ஓடுபாதை முடிவில் மின்கம்பி இருக்கும்போது கண் முன்னால்தான் இருக்க வேண்டும்.

தெர்மல்தேடி
காத்தாடியைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கொக்கி விடவில்லை என்று வையுங்கள். நான் இடதுபக்கம் ஒதுங்கி இறக்கைகளை ஆட்டிக் காட்ட வேண்டும் என்பதுதான் விதி. உங்களிடம் கண்ணாடி இல்லையென்றால் நான் யாருக்கு ஆட்டிக் காட்டுவது?

கயிற்றின் முன்முனை
ரேடியோ எதற்கு இருக்கிறது?

தெர்மல்தேடி
உங்கள் அலைவரிசையில் நானும் இருந்தால் சரி. பேட்டரி போன கிளைடரில் பறந்ததில்லையா? நீங்கள் எனக்குக் காட்டும் சைகையும் அப்படித்தான். இறக்கையை ஆட்டினால் 'உடனே கயிற்றை விடு'. சுக்கானை ஆட்டினால் 'ஏர்பிரேக்கைப் பார்'. இரண்டையும் குழப்பிக்கொண்டு, தகடு திறந்தபடியே தாழ்வான உயரத்தில் கயிற்றை விட்டு விழுந்தவர்கள் உண்டு. சுக்கானை ஆட்டியதும் நான் என்ன செய்தேன் என்று நீங்கள் பார்த்தாக வேண்டாமா?

குரோம்பேட்டை மாணவி
விமானப் பொறியியல் மூன்றாம் ஆண்டு. வாதத்தைவிட அளவு பேசட்டும் என்று நினைத்தேன். 15 மீட்டர் இறக்கை கொண்ட கிளைடர், 60 மீட்டர் தூரத்தில் சுமார் 14 பாகை அகலமாகத் தெரியும். தட்டைக் கண்ணாடியில் அப்படியே. ஸ்கூட்டரில் இருப்பது போன்ற குவிகண்ணாடியில், கண்ணிலிருந்து 60 செ.மீ. தள்ளி வைத்தால், ஏறக்குறைய பாதி.

கணக்கோடு நிறுத்த மனமில்லை. நேற்றுக் காலை தோழியோடு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனேன். 60 மீட்டர் துணிக்கயிற்றை அளந்து விரித்தோம். ஏர்பிரேக் தகடு ஒன்று 15 செ.மீ. உயரம் என்று கொண்டு, அதே உயரத்தில் ஒரு மீட்டர் நீள வெள்ளைத் தெர்மகோல் பட்டையை அவள் பிடித்துக்கொண்டாள். ஸ்கூட்டர் கண்ணாடியில் நான் பார்த்தேன். என்ஜின் அணைந்திருந்தபோது பட்டை எழுவதும் இறங்குவதும் தெளிவு. என்ஜினை ஓடவிட்டதும் கண்ணாடி அதிர்ந்து, பட்டை வெள்ளைப் புகைபோல ஆனது. பத்தில் நான்கு முறை தவறாகச் சொன்னேன். சுண்டல் விற்பவர் என்ன படம் எடுக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

ரிச்சித் தெரு
அதைத்தானே நானும் சொல்கிறேன்!

குரோம்பேட்டை மாணவி
அண்ணா, அவசரப்படாதீர்கள். நீங்கள் விற்கும் ரிவர்ஸ் கேமரா 120 பாகை விரிந்து பார்க்கும், படத்தின் அகலம் 1280 புள்ளி. அந்த 15 செ.மீ. தகடு அதில் ஒன்றரைப் புள்ளி. ஸ்கூட்டர் கண்ணாடியே மேல். 40 பாகை லென்ஸ் என்றால் நான்கைந்து புள்ளி கிடைக்கும். ஆனால் அப்போது கிளைடர் சற்று விலகினாலும் படத்தைவிட்டு வெளியே போய்விடும்.

பல்லாவரம் பெரியவர்
பெண்ணே, வாழ்க. அதிர்வுக்கு மருந்து உண்டு. பிராக்கெட் தடிமனாக, தண்டு குட்டையாக, நடுவில் ரப்பர். தண்டு நீண்டால் கண்ணாடி ஆடத்தான் செய்யும். மன்றத்துக் கண்ணாடி மங்கல் என்று தம்பி சொன்னாரே, அதன் பிராக்கெட்டை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

தெர்மல்தேடி
கேட்டு வாங்கினேன். தண்டு ஒரு முழத்துக்கு மேல். கண்ணாடியும் உள்ளங்கையளவு குவிகண்ணாடி.

பல்லாவரம் பெரியவர்
பார்த்தீர்களா! நோய் ஓரிடம், மருந்து வேறிடம். பெரிய தட்டைக் கண்ணாடி, குட்டைத் தண்டு. கேமராவே தேவைப்படாது.

ரிச்சித் தெரு
மாலையில் சூரியனுக்கு முதுகு காட்டிப் பறக்கும்போது உங்கள் தட்டைக் கண்ணாடி விமானியின் கண்ணைப் பறிக்கும், ஐயா. திரையில் வெளிச்சத்தைக் குறைக்கலாம்.

கயிற்றின் முன்முனை
திரையில் நண்பகல் வெயில் விழுந்தால் ஒன்றுமே தெரியாது, அதையும் சொல்லுங்கள். சரி, ஏர்பிரேக் விஷயத்தில் ஓரடி பின்வாங்குகிறேன். தரையைவிட்டு எழுந்து, தடைகளைத் தாண்டியபின் ஒரு பார்வை, கண்ணாடியில். காத்தாடிக்கு மட்டும் அது உதவும் என்று யாரும் நம்ப வேண்டாம்.

தெர்மல்தேடி
மன்றத்துக்கு எழுதப் போகிறேன்: கேமரா வேண்டாம், கண்ணாடியையும் பிராக்கெட்டையும் மாற்றுங்கள், கொக்கி எந்த வகை என்று பாருங்கள். என் வாக்கு மாறிவிட்டது. ரிச்சித் தெரு கோபிக்க வேண்டாம்.

ரிச்சித் தெரு
கோபமில்லை, ஆனால் தோல்வியை ஏற்கவும் இல்லை. ஞாயிறு காலை 40 பாகை லென்ஸோடு பெசன்ட் நகருக்கு வருகிறேன். தங்கை தெர்மகோலைக் கொண்டுவரட்டும்.

பல்லாவரம் பெரியவர்
தட்டைக் கண்ணாடியும் ரப்பரும் என் பொறுப்பு. ஐந்தரைக்கு வாருங்கள், அதற்குமேல் நடைப்பயிற்சிக் கூட்டம்.

கயிற்றின் முன்முனை
நானும் வருகிறேன். ஒரு நிபந்தனை: பார்ப்பவர் கையில் ஒரு செய்தித்தாளைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். பட்டை எப்போது எழும் என்று அவருக்குச் சொல்லக்கூடாது.