மர டாலியில், அதாவது சக்கரம் வைத்த மரச் சட்டத்தில், காரின் பாடியை ஏற்றிய அனுபவம் யாருக்காவது உண்டா?

பெருங்களத்தூர்க்காரன்:

மூன்று வருடம் ஆகிவிட்டது, அந்தக் கதவிடுக்கு இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. மாமனாருடைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மார்க் 2, இரண்டு கதவு வண்டி. 1961-லிருந்து மெட்ராஸில் செய்த வண்டி, தொழிற்சாலை எங்கள் பக்கம்தான் இருந்தது, அதனால் தெருவில் ஆளுக்கொரு ஹெரால்டு கதை சொல்வார்கள். தெரிந்தவர்களுக்குச் சொல்லவேண்டாம், அதில் பாடி வேறு, சேசிஸ் என்கிற அடிச்சட்டம் வேறு. போல்ட்டைக் கழற்றினால் நாலைந்து பேர் தூக்கிவிடலாம். ஆபத்தே அங்கேதான்.

சேசிஸைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கும்வரை பாடி எங்கே நிற்கும்? வீட்டுக்குப் பின்னால் கிடந்த பேக்கிங் கட்டையில், மூன்றுக்கு இரண்டு அங்குலம், ஒரு சனி ஞாயிறில் டாலி அடித்தேன். ஏழடி நீளம், நாலடி அகலம், மூலைக்கு ஒரு காஸ்டர் வீல், மேலே பழைய சைக்கிள் டியூப்பை அறுத்து விரித்து ஆணி. மாமியார் பார்த்துவிட்டு யாருக்குக் கட்டில் என்று கேட்டார்.

மச்சான்கள் இரண்டு பேர், எதிர்வீட்டுப் பையன்கள் மூன்று பேர், நான். முன்னால் மூன்று பேர், பின்னால் மூன்று பேர் என்று பிடித்துத் தூக்கினோம். ஓரடி எழும்பியிருக்கும், டிரைவர் பக்கக் கதவின் பின்விளிம்பைப் பார்க்கிறேன், மேலே இடுக்கு மூடிக்கொண்டே வருகிறது, கீழே வாய் பிளக்கிறது. மேலே ஒரு ரூபாய்க் காசு நுழையாது, கீழே என் சுண்டுவிரல் போகும். அந்த நொடியில் இறக்குங்கள் என்று கத்தியிருக்க வேண்டும். பெரிய மச்சான் கழுத்து நரம்பு புடைக்கப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அவரிடம் போய் எப்படிச் சொல்வது? டாலியில் உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். எங்கே சரியாவது? கட்டையும் நடுவில் தொய்ந்து, பாடியோடு சேர்ந்து வளைந்துகொண்டது.

கதவு வாசலில் குறுக்குக் கம்பி வைத்து வெல்டு அடிக்காமல் தூக்கியது தப்பு, தெரியும். ஹெரால்டின் சில், அதாவது கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு, வெறும் போல்ட்டு போட்டு மாட்டிய தகடு, பாரம் தாங்காது, அதுவும் தெரியும். பாடம் வேண்டாம். உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் சொல்லுங்கள்.


கோவை டிலைட்:

உங்களுக்கு வளைந்தது, எனக்கு ஓடியே போய்விட்டது. ஃபியட் 1100 டிலைட். இதில் தனி சேசிஸ் கிடையாது, பாடிதான் எல்லாம், ஆனால் முன்னாலும் பின்னாலும் ஆக்சிலைக் கழற்றிவிட்டால் வண்டி வயிற்றில்தானே படுக்கும், அதற்காக டாலி. நான் கட்டையில் கஞ்சத்தனம் பண்ணவில்லை, நாலுக்கு நாலு வேங்கை, ஆசாரியை வைத்துப் பாதிக்குப் பாதி வெட்டிப் பொருத்தி, ஊடு போல்ட்டு போட்டது. கஞ்சத்தனம் வீலில். பிரேக் வைத்த வீல் கொஞ்சம் விலை கூட என்று சொன்னதால் சாதாரண ஆறங்குல வீல் நாலு வாங்கினேன், விரலால் தள்ளினால் போகும், அவ்வளவு சுகமான ஓட்டம். எங்கள் வாசல் மழைத்தண்ணீர் வழிய ரோட்டுப் பக்கம் சரிவு. செங்கல் அண்டை கொடுத்திருந்தேன்.

பெயிண்ட் ரிமூவர் அடித்துக் கழுவும்போது தண்ணீர் தேங்குகிறதே என்று அந்தச் செங்கல்லை நானே காலால் ஒதுக்கினேன். ஹோஸைச் சுருட்ட உள்ளே போனவன் திரும்பி வந்தால் வாசல் காலி. கேட்டுக்கு வெளியே பால்காரர் டிவிஎஸ் 50-யைக் குறுக்கே நிறுத்தி, ஒரு கால் தரையில், இன்னொரு காலை என் 1100-இன் மூக்கில் வைத்துத் தடுத்துக்கொண்டு நிற்கிறார். பதற்றமே இல்லை மனுஷருக்கு. "ஏனுங், இது உங்களுதுங்களா?" என்று கேட்டார். தெருவில் வேறு யாரிடம் இன்ஜினும் சக்கரமும் இல்லாத கார் இருக்கும் என்று நினைத்தாரோ. பால் கேனில் ஒரு நசுங்கல். புதுக் கேன் வாங்கித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். இப்போதும் தினமும் காலையில் அந்த நசுங்கல் பக்கத்தை என்னைப் பார்க்கத் திருப்பி வைத்துத்தான் பால் ஊற்றுகிறார்.


இரும்புப் பட்டறை:

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதில்: மரத்தில் செய்யாதீர்கள். நானும் ஒரு காலத்தில் மரத்தில் செய்தவன்தான். அம்பாசடர் பாடி, டிரைவர் பக்கம் அடித்தட்டில் ஓட்டை, டாலியில் வைத்தபடியே பேட்ச் வெல்டு. முடித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து ஷட்டரைத் தூக்கினால் ரப்பர் கருகும் நாற்றம், குறுக்குக் கட்டையின் இடுக்கிலிருந்து ஊதுபத்தி மாதிரி ஒரே ஒரு நூல் புகை. பொறி உள்ளே விழுந்து ஒரு மணி நேரமாகக் கனன்றுகொண்டிருந்திருக்கிறது. மூன்றடி தள்ளி தின்னர் டின். அவ்வளவுதான் என் கதை.

இனி கவனமாகப் படியுங்கள். இரண்டங்குல சதுர இரும்புக் குழாய் வாங்குங்கள், புதுப்பேட்டையில் பழையது கிடைத்தால் போதும். நீளக் குழாய் இரண்டு, குறுக்கு மூன்று. முதலில் டேக் மட்டும், அதாவது பொட்டுப் பொட்டாக வெல்டு, வையுங்கள், மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் டேப் பிடித்துப் பாருங்கள், இரண்டு அளவும் ஒன்றானால்தான் சதுரம், அப்புறம் முழு வெல்டு. வீல் ஆறங்குலத்துக்குக் கீழே வேண்டாம், இரண்டங்குல வீல் ஒரு ஜல்லிக் கல்லில் மோதினாலே நின்றுவிடும், வீல்தான் நிற்கும், பாடி நிற்காது. நாலு வீல் இருக்கிறதே என்று மொத்த எடையை நாலால் வகுக்காதீர்கள், நம் ஊர் சிமெண்டுத் தரையில் எப்போதும் ஒரு வீல் தூக்கிக்கொண்டுதான் இருக்கும், மூன்றால் வகுத்து அதற்கு மேல் தாங்கும் வீலாக வாங்குங்கள். உயரம் முக்கியம்: டாலியில் வைத்தபின் உட்கார்ந்தபடி சில்லுக்கு அடியில் கை போகவேண்டும், நின்றபடி கூரையில் பெயிண்ட் கன் பிடிக்கவேண்டும், அதற்கு மேல் உயர்த்தினால் கவிழும். பாடியைத் தாங்கும் இடம் சேசிஸ் போல்ட்டு வரும் இடமாகவே இருக்கட்டும், நடுவில் எங்கேயோ தகட்டுக்குக் கட்டை கொடுத்தால் தகடு உள்ளே போகும். தனி சேசிஸ் இல்லாத வண்டிக்கு சஸ்பென்ஷன் மாட்டும் இடம். ஹெரால்டில் பானெட் முழுசாகக் கழன்றுவிடுவதால் மீதி பாடிக்குப் பின்கனம், டாலியை அரையடி பின்னால் தள்ளிப் போடவேண்டும், அதைப் பெருங்களத்தூர் செய்தாரா தெரியவில்லை. செய்திருக்க மாட்டார்.


கோவை டிலைட்:

பாடம் வேண்டாம் என்று எழுதியவருக்கே இவ்வளவு பாடமா அண்ணா? வெல்டு மெஷின் வைத்திருப்பவருக்கு இரும்பு சுலபம். கட்டையென்றால் தாங்கல் ஓரங்குலம் தப்பிப்போனாலும் கழற்றி நகர்த்தி அடித்துக்கொள்ளலாம், இரும்பில் கிரைண்டரைத் தேடவேண்டும். தீப்பிடித்தது கட்டையின் குற்றமில்லை, வெல்டு முடித்ததும் ஈரச் சாக்கைப் போடாமல் சாப்பிடப் போனது யார்?


இரும்புப் பட்டறை:

சாக்கு போட்டிருந்தேன் தம்பி. வெயிலில் காய்ந்துவிட்டது.


ஸ்கார்பரோ பீட்டில்:

இங்கே கனடாவில் மரத்துக்குப் பஞ்சமில்லை, அதனால் எனக்கு இரும்பா மரமா என்ற யோசனையே வரவில்லை. ஃபோக்ஸ்வேகன் பீட்டில், குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு தின்று இரண்டு பக்க ஹீட்டர் சேனலும் (கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிக் குழல்) போய்விட்டது. அது போனால் கதவு மட்டத்தைத் தாங்க ஆளில்லை, அதனால் நான் கதவு வாசலில் குழாய் வைத்துப் பிணைத்தபிறகுதான் தூக்கினேன் (பெருங்களத்தூர் கோபித்துக்கொள்ளவேண்டாம்). தளத்திலிருந்து பாடி நோகாமல் வந்தது. நாலு பேர், ஒரு பீட்சா.

முதல் கோளாறு, இங்கே டூ-பை-ஃபோர் என்று விற்கும் கட்டை இரண்டுக்கு நாலு இல்லை. ஒன்றரைக்கு மூன்றரை. ஊரில் அப்பா மரக்கடையில் நின்று வளர்ந்த புத்தி, இரண்டென்றால் இரண்டுதான் என்று கணக்குப் போட்டு வெட்டிவிட்டேன், மட்டம் எங்குமே சேரவில்லை, வீட்டுக்காரி சிரித்த சிரிப்பை இங்கே எழுதமுடியாது. அதைச் சரிக்கட்டிவிட்டேன். உறுத்துவது இரண்டாவது.

கராஜ் தரை ஈரம், கட்டை உளுத்துவிடக்கூடாதே என்று மருந்தேற்றிய பச்சை மரம் வாங்கினேன். வெளித்தளம் போட விற்பார்களே, அது. பாடியை மணல் வீசித் துடைத்துப் பளபளவென வெள்ளித் தகடாக்கி, பிரைமர் அடுத்த வாரம் அடிக்கலாம் என்று அந்தக் கட்டைமேல் அப்படியே உட்காரவைத்தேன். இடையில் டியூப்போ கார்ப்பெட்டோ எதுவும் இல்லை. அடுத்த வாரம் மகளுக்குக் காய்ச்சல், அதற்கடுத்த வாரம் நைட் ஷிஃப்ட். ஒரு மாதம் கழித்துத் தூக்கினால், கட்டை தொட்ட இடம் மட்டும், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி மூன்றரை அங்குல அகலத்துக்குச் செக்கச்செவேலென்று துரு. விரலால் தேய்த்தேன், மேல்துரு இல்லை, குழிக்குழியாகத் தின்றிருந்தது. சுற்றிலும் தகடு அப்படியே மினுங்குகிறது. அந்த மருந்தில் செம்பு இருக்கிறது, ஈரத்தோடு சேர்ந்தால் வெறும் இரும்பை அரிக்குமாம். கடையில் அதற்கென்று தனி ஆணி விற்கிறார்கள், ஆணிப் பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. ஆணியைப் பார்த்துப் பார்த்து வாங்கிய நான் காரை யோசிக்கவில்லை.


அரியாலை மைனர்:

ஸ்கார்பரோத் தம்பி, உங்களுக்கு ஒரு மாதம். எனக்கு இரண்டு வருடம்.

மொரிஸ் மைனர், அப்பாவின்ரை கார். யாழ்ப்பாணத்திலை மைனரும் ஒஸ்ரின் ஏ40-உம் எத்தனை வளவுகளுக்குள்ளை நிற்குது என்று உங்களுக்குத் தெரியும்தானே. சில்லுகளை (சக்கரங்களை) கழற்றி, பாடியை ஏற்ற ஒரு மரத் தாங்கி செய்தேன். நீள வளை இரண்டும் நல்ல வைரம் பாய்ந்த பனை, பழைய வீட்டுக் கூரை பிரித்தபோது வந்தது. கால்களும் குறுக்குச் சட்டங்களும் மாமரம், ஏனென்றால் வளவிலே ஒரு மாமரம் விழுந்து கிடந்தது, காசு கொடுக்கத் தேவையில்லை. உருளும் சில்லு பூட்டவில்லை, எங்கே உருட்டப் போகிறேன், மண் தரைக் கொட்டில். அதன்பிறகு லண்டனில் இருந்து சாமான் வருகிறது வருகிறது என்று இரண்டு வருடம் போய்விட்டது.

ஒருநாள் பின்னேரம் தம்பி மகன் ஒளித்துப் பிடித்து விளையாடக் கொட்டிலுக்குள் போனவன் வெளியே வந்து, "பெரியப்பா, கார் இருந்திட்டுது" என்றான். கார் நிற்கும், இருக்குமா? போய்ப் பார்த்தால் உண்மையிலேயே இருக்கிறது, யானை பின்னங்காலை மடித்து இருக்குமே, அப்படி. பின்பக்கக் கால் இரண்டும் இல்லை. தோல் இருந்தது, உள்ளே மரம் இல்லை. கையால் அமத்தினேன், பப்படம் மாதிரி நொறுங்கி மண் கொட்டியது. கறையான் தரையில் இருந்து காலுக்குள்ளால் ஏறிக் குறுக்குச் சட்டம் முழுவதும் தின்றுவிட்டு, பனை வளை தொடங்கும் இடத்தில் துல்லியமாக நின்றிருக்கிறது. பனையில் ஒரு கீறல்கூட இல்லை. எனக்குக் காரைவிட அந்த எல்லைக்கோடுதான் நினைவில் நிற்கிறது, ஒரு பக்கம் புற்று, மறுபக்கம் கறுப்பாக மினுங்கும் பனை.

காருக்குப் பெரிய சேதமில்லை, பின் பம்பர் பூட்டும் இடம் கொஞ்சம் உள்ளே போனது. ஆனால் அப்பா இருந்திருந்தால் மாமரத்தைத் தொட விட்டிருக்க மாட்டார்.


தாம்பரம் ஜாவா:

கார் கிடையாது என்னிடம், பைக்தான், இருந்தாலும் சொல்கிறேன். அம்பாசடரில் பாடியைச் சேசிஸிலிருந்து கழற்றினால் இந்தத் தொல்லையே…


இரும்புப் பட்டறை:

அம்பாசடருக்குச் சேசிஸ் கிடையாது தம்பி. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-இன் பாடி அது, எல்லாம் ஒரே கூடு. அரியாலை அண்ணை, பனை விஷயம் புதுசு எனக்கு. நம்ம பக்கம் வைரம் பாய்ந்த பனை கிடைத்தால் நானும் ஒரு முறை மரத்துக்கு வரலாம்.


பெருங்களத்தூர்க்காரன்:

பின்கனத்துக்கு டாலியை அரையடி தள்ளித்தான் போட்டேன் இரும்பு சார், அவ்வளவு மட்டம் இல்லை நான்.

பிறகு என்ன ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன்: பாடியை மறுபடி இறக்கி, இந்த முறை கதவு வாசல் இரண்டிலும் கம்பி பிணைத்து, சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவே வரும் பேக்கிங் தகடுகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக் குறைத்து நாலு ஞாயிறு போனது. கழற்றும்போதே எந்தப் போல்ட்டுக்கு எத்தனை தகடு என்று பாலிதீன் பையில் போட்டு நம்பர் எழுதி வைத்திருந்தால் ஒரே ஞாயிறில் முடிந்திருக்கும். டிரைவர் பக்கக் கதவு இப்போது மூடுகிறது, கொஞ்சம் தூக்கி மூடவேண்டும். பழைய டாலி கட்டையெல்லாம் மாமியார் வீட்டுக் கோழிக்கூண்டு.

நேற்று பெரிய மச்சான் வந்திருந்தார், இங்கே எழுதியதைப் போனில் படித்துக் காட்டினேன். கழுத்து நரம்பு இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். "கதவு கோணுனத நானும் பாத்தேன் மாப்ள. உங்க வண்டி, நீங்களே ஒண்ணும் சொல்லலையேன்னு விட்டுட்டேன்" என்றார்.