உதவி: லானில் வேற புல், பிடுங்கினால் மறுபடி வருது

புதுவீடு_கோவை: லான் நடுவுல வேற ஏதோ புல்லு. பிடுங்கினா நாலே நாள்ல முன்னைவிட ஜாஸ்தியா வருது. என்ன மருந்து? அவசரம்.

மண்புழு: என்ன லான்? கொரியனா, மெக்சிகனா, அருகம்புல்லா? பதிச்சு எத்தனை மாசம்? எத்தனை சதுர அடி?

தோட்டக்கிறுக்கன்: கல்லுப்பைக் கரைச்சு ஊத்துங்க, செத்துடும்.

மண்புழு: லானும் சேர்ந்து சாகும்.

பழைய_மண்வெட்டி: மாசம் மூணு தடவை இதே கேள்வி. தண்டை விரல்ல உருட்டிப் பார்க்கத் தெரியாதா? மூணு பட்டை தட்டுப்பட்டா கோரை. அது புல் வகையே இல்லை. புல்லுக்கான களைக்கொல்லியை அடிச்சா லான் போகும், கோரை சிரிக்கும்.

புதுவீடு_கோவை: முக்கோணம்தான். கொரியன், 600 ச.அடி, ஒரு வருஷமாச்சு. தோண்டினா கறுப்பா மணி மாதிரி கிழங்கு.

வேர்க்கால்: கோரையேதான். கிழங்கு சரம் கோத்த மாதிரி இருக்கும். மேல் முளையைப் பிடுங்கினா, அடியில தூங்குற கிழங்கெல்லாம் முழிச்சுக்கும். அதான் ஜாஸ்தியாகுது. கோரையைக் கொல்ற களைக்கொல்லி ஹாலோசல்ஃப்யூரான் மீத்தைல் 75% வாங்குங்க. ஏக்கருக்கு 36 கிராம், உங்க இடத்துக்கு அரை கிராம். நகைத் தராசுல நிறுத்து 3 லிட்டர் தண்ணியில கலக்குங்க. ஒட்டு திரவம் 7 மி.லி. சேர்க்கணும், இல்லேன்னா வழவழ இலையில மருந்து நிக்காம உருண்டுடும். கோரை 3–5 இலையில இருக்கணும். முன்னும் பின்னும் 2 நாள் லான் வெட்டக்கூடாது. இங்கே இது கரும்புக்குச் சொல்ற மருந்து, அதனால முதல்ல ஒரு ஓரத்துல அடிச்சுப் பாருங்க. பலன் தெரிய 2–3 வாரம் ஆகும்.

தோட்டக்கிறுக்கன்: எல்லாச் செடியையும் கொல்ற கிளைஃபோசேட் களைக்கொல்லியைப் பிரஷ்ல தடவினா போதுமே?

பழைய_மண்வெட்டி: 2022லேயே அதைப் பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்கள் மட்டும்தான் அடிக்கலாம்னு அரசாணை வந்தாச்சு. ஒரு சொட்டு சிந்தினா கொரியன்ல ஓட்டை விழும்.

அம்மாச்சி_வைத்தியம்: கோரைக்கிழங்கு முத்தக்காசுய்யா! காய வெச்சுக் குளியல் பொடியில போடுங்க, எதுக்குக் கொல்றீங்க?

வேர்க்கால்: மருந்தடிச்ச இடத்துக் கிழங்கைத் தொடாதீங்க. தவிர, ஒரு கிழங்கு தவறினா அதுவே அடுத்த சரம்.

அம்மாச்சி_வைத்தியம்: மருந்தடிக்கறதுக்கு முன்னாடி எடுக்கச் சொன்னேன்.

பழைய_மண்வெட்டி: 600 சதுர அடி லானைக் கொத்தியா?

புதுவீடு_கோவை: அடிச்சு 15 நாளாச்சு. பாதி மஞ்சளாயிடுச்சு, கேட் பக்கம் மட்டும் அசையல.

வேர்க்கால்: அந்தப் பக்கம் எப்ப வெட்டினீங்க?

புதுவீடு_கோவை: மருந்தடிச்ச அன்னிக்குக் காலையில. இலையே இல்லாம இருந்துச்சு.

வேர்க்கால்: அப்புறம் மருந்து எதுல ஒட்டும்? 6 வாரம் விட்டு, இலை வந்ததும் அந்தப் பக்கம் மட்டும் மறுபடி அடிங்க.