ஏசிஎல் ஆபரேஷன் முடிந்து 5 மாதம், வலி இல்லை. ஃபுட்சால் இறங்கலாமா?

பட்டர்வொர்த் 7ஆம் நம்பர்

வணக்கம். மார்ச்சில் வலது முட்டியில் ஏசிஎல் (முட்டிக்குள் மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் பிடித்து வைக்கும் நார்) ஆபரேஷன் செய்தேன், அறுந்த நாருக்குப் பதிலாகப் பின்தொடையிலிருந்து தசைநாண் எடுத்து வைத்தார்கள். அடிபட்டபோது யாரும் என்மேல் மோதவில்லை. பந்தை இழுத்துக்கொண்டு இடப்பக்கம் திரும்பினேன், ஷூ தரையோடு நின்றுவிட்டது, முட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் ஓடி வந்தவனுக்கே அது கேட்டதாம்.

இப்போது வீக்கம் இல்லை, வலியும் இல்லை. பினாங்கு பாயான் லெப்பாஸில் 12 மணி நேர ஷிப்ட் நின்று வேலை பார்க்கிறேன், வாரம் மூன்று நாள் மெதுவாக ஓடுகிறேன். மெர்டேக்கா (மலேசிய சுதந்திர தினம்) சமயத்தில் கம்பெனிகளுக்குள் ஒரு ஃபுட்சால் போட்டி (பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடும் கால்பந்து) வருகிறது, இன்னும் மூன்றே வாரம், கேப்டன் தினமும் வாட்ஸ்அப்பில் கேட்கிறார். ஆஸ்பத்திரி பிசியோவோ 9 மாதத்துக்கு முன்னால் அந்தப் பேச்சையே எடுக்காதே என்கிறார். வலிக்காத காலை வைத்துக்கொண்டு இன்னும் 4 மாதம் எதற்குக் காத்திருக்க வேண்டும்? முட்டிக்கு பெல்ட் கட்டிக்கொண்டு பாதி ஆட்டம் மட்டும் ஆடினால் என்ன? ஆடாமல் இருப்பது மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

பழைய கோல்கீப்பர், கே.எல்.

தம்பி, இறங்காதே. நான் ஆறாம் மாதம் இறங்கினேன். எனக்கும் வலி இல்லை, நானும் பெல்ட் கட்டியிருந்தேன். உயரமாக வந்த பந்துக்கு எகிறிப் பிடித்து ஒற்றைக் காலில் இறங்கியபோது முட்டி உள்பக்கமாக மடிந்தது, புதிதாக வைத்ததும் போச்சு, கூடவே உள்ளே இருக்கிற சவ்வும் கிழிந்தது. இரண்டாவது ஆபரேஷன்.

முதல் தடவை நான் போன கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் 100 வெள்ளிக்கு மேல் வாங்கிக்கொண்டு, கரண்ட் வைத்து, சூட்டு ஒத்தடம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஒருநாள்கூட என்னைக் குதிக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. இரண்டாவது தடவை போன இடத்தில் முதல் வேலையாக தையல்காரர் டேப்பை எடுத்தார்கள், முட்டிச் சிப்பிக்கு மேலே 15 சென்டிமீட்டரில் பேனாவால் கோடு போட்டு இரண்டு தொடையையும் சுற்றி அளந்தார்கள். அடிபட்ட பக்கம் 3 சென்டிமீட்டர் குறைவு. கண்ணாடி முன்னால் நின்றபோது அது எனக்குத் தெரியவே இல்லை தம்பி. அப்புறம் 11 மாதம் கழித்துத்தான் கிளவுஸ் போட்டேன், இன்றைக்கும் ஆடுகிறேன்.

செந்தூல் பிசியோ

அண்ணன் சொன்ன அந்த டேப் அளவு முக்கியம், ஆனால் அதோடு முடியவில்லை. உங்கள் பிசியோ சொன்னது சரி, காரணத்தை விளக்கிச் சொல்ல அவருக்கு நேரம் கிடைத்திருக்காது.

வைத்த தசைநாண் வைத்த அன்றே ஏசிஎல் ஆகிவிடாது. அதற்குள் புதிதாக ரத்த ஓட்டம் வர வேண்டும், பழைய நார் கரைந்து புது நார் அடுக்க வேண்டும், அந்த வேலை நடக்கிற முதல் சில மாதங்களில் அது வைத்த அன்று இருந்ததைவிடப் பலவீனமாகத்தான் இருக்கும். இதெல்லாம் வலியில்லாமல் நடக்கும் என்பதால்தான் சொல்கிறேன், வலி இல்லை என்பதை வைத்து அதன் பலத்தைக் கணக்குப் போடாதீர்கள். நேராக ஓடுவதற்கு ஏசிஎல்லுக்கு அவ்வளவு வேலை இல்லை. ஓடி நிற்பது, சட்டென்று திரும்புவது, ஒற்றைக் காலில் இறங்குவது, இந்த மூன்றும்தான் அதன் வேலை, ஃபுட்சால் முழுக்க அந்த மூன்றும்தான். பெல்ட் தைரியம் கொடுக்கும், முறுக்கைத் தடுக்கும் என்று நம்பி இறங்க முடியாது.

9 மாதம் என்பது யாரோ குத்துமதிப்பாகச் சொன்னதில்லை. டெலவேர்–ஓஸ்லோ ஆய்வு 2016இல் வெளிவந்தது, ஏசிஎல் ஆபரேஷன் செய்த 106 பேரைப் பின்தொடர்ந்தார்கள். ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போட்டபோதும், 9 மாதம் வரைக்கும், முட்டியில் மறுபடி அடிபடுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. முன்தொடைத் தசையின் பலம் இரண்டு காலிலும் சமமாக இருந்தவர்களுக்கும் அடிபடுவது குறைவு. அதனால் நாள் மட்டும் எண்ணிக்கொண்டு சும்மா இருந்தால் போதாது, 9 மாதம் ஆகியும் தொடை சூம்பியிருந்தால் அப்போதும் நான் விடமாட்டேன்.

அடுத்த அப்பாய்ன்ட்மென்டில் இரண்டு காலின் பலத்தையும் மெஷினில் அளக்கச் சொல்லுங்கள். ஒற்றைக் காலில் தாவும் தூரத்தையும் அவர் முன்னாலேயே பாருங்கள், தயவுசெய்து வீட்டில் தனியாகச் செய்யாதீர்கள். நல்ல காலோடு ஒப்பிட்டு 90 சதவீதமாவது வர வேண்டும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு, இத்தனை மாதம் ஆடாததால் நல்ல காலும் இளைத்திருக்கும், இளைத்த காலோடு ஒப்பிட்டு 90 வந்தால் அது உண்மையான 90 இல்லை. இரண்டு காலுக்கும் பயிற்சி கொடுங்கள். அப்புறம், ஷிப்ட் முடிந்த ராத்திரி முட்டி உப்புகிறதா என்று தொட்டுப் பாருங்கள், உப்பினால் அன்றைய சுமை அதிகம் என்று அர்த்தம்.

காத்திருந்து திரும்பியவர்களும் இருக்கிறார்கள். நம் மலேசிய ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரி சுப்பிரமணியத்துக்கு 2022 ஜூனில் கார் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்தது, அந்த வருஷ காமன்வெல்த் போட்டிக்குப் போக முடியவில்லை. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஸ்குவாஷ் ஒற்றையர் தங்கம், 2024இல் லண்டன் கிளாசிக் பட்டம். கம்பெனிப் போட்டி அடுத்த வருஷமும் வரும் தம்பி.

செபெராங் ஜெயா அம்மா

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு 14 வயது, பேட்மிண்டன் ஆடும்போது கணுக்கால் பிசகிவிட்டது, இன்றோடு இரண்டு நாள். எங்கள் தாமானில் எண்ணெய் போட்டுத் தடவி சுளுக்கு எடுக்கிற பாட்டி ஒருவர் இருக்கிறார், கூட்டிப் போகலாமா?

செந்தூல் பிசியோ

இப்போது வேண்டாம் அக்கா. வீங்கியிருக்கிற புதுக் காயத்தை அழுத்தித் தடவினால் உள்ளே ரத்தக்கசிவு கூடும். அவளால் நாலு அடி ஊன்றி நடக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பின் மேலேயே தொட்டால் வலிக்கிறது என்றாலோ இன்றைக்கே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். வலி குறைந்ததும் பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கப் பழக்குங்கள், திரும்பத் திரும்பப் பிசகாமல் இருக்க அது ரொம்ப உதவும். பிசியோவிடம் போனால் பதிவு பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள், இங்கே 2016ஆம் ஆண்டு சட்டப்படி அவர்கள் பதிவு செய்திருக்க வேண்டும்.

பட்டர்வொர்த் 7ஆம் நம்பர்

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன், அளக்கச் சொல்லிக் கேட்டேன். பிசியோவே தரையில் டேப் ஒட்டி, பக்கத்தில் நின்றுகொண்டு தாவச் சொன்னார். இடது கால் 148 சென்டிமீட்டர். வலது கால் 104. கணக்குப் போட்டால் 70 சதவீதம். அந்த 104லும் இறங்கும்போது முட்டி உள்ளே சாய்வதை அவர் போனில் எடுத்துக் காட்டினார், நான் அடிபட்ட அன்று சாய்ந்த மாதிரியே இருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்குப் பேச்சு வரவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது ஃபெரியில் நின்றுகொண்டே கேப்டனிடம் சொல்லிவிட்டேன், இந்த வருஷம் என் பெயர் வேண்டாம் என்று.

கோல்கீப்பர் அண்ணனுக்கும் பிசியோ அக்காவுக்கும் நன்றி. இன்னொன்று கேட்க வேண்டும். என் காலுக்காக அம்மா பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டார், தைப்பூசத்தன்று நான் பால்குடம் எடுக்க வேண்டும். ஐந்நூறு படிக்கு மேல். அதற்குள் 10 மாதம் தாண்டிவிடும். ஏறலாமா?

செந்தூல் பிசியோ

ஏறலாம், ஆனால் இப்போதிருந்தே பழகினால்தான். ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்குக் கடினம், உடம்பின் எடையை முன்தொடை ஒன்றே பிடித்துப் பிடித்துக் கீழே விட வேண்டும். வீட்டில் ஒரு படியில் வலது காலை ஊன்றி, இடது குதிகால் கீழ்ப்படியை லேசாகத் தொடும்வரை மூன்று எண்ணிக்கையில் மெதுவாக இறங்குங்கள், முட்டி உள்ளே சாயக் கூடாது. சாயாமல் எத்தனை வருகிறது என்று அடுத்த வாரம் இங்கேயே எழுதுங்கள்.