பொஹோ பின்னல் அவிழ்ந்து இறங்கிடுது, அடுக்குப் பாவாடை போட்டா மூட்டை மாதிரி இருக்கு: எங்க தப்பு?

தூறல்:
முடி முதுகு நடு வரைக்கும் இருக்கு. மெல்லிசு, நேர்முடி, எண்ணெய் வைக்காமலே வழுக்கும். பொஹோ ஸ்டைல்ல (அலட்டிக்காம, லேசாக் கலைஞ்ச மாதிரி தெரியற அலங்காரம்) தளர்வா ஒரு பக்கப் பின்னல் போட்டா ரெண்டு மணி நேரத்துல ரப்பர் பேண்ட் நுனிக்கு இறங்கிடுது. இறுக்கிப் போட்டா ஸ்கூல் பின்னல். காதோரம் முடியை இழுத்து விட்டா தலை வாராம கிளம்பின மாதிரி தெரியுது.

உடையிலும் இதே கதைதான். உயரம் 155 செ.மீ. அடுக்கு வெச்ச நீளப் பாவாடை, தொளதொள மேல்சட்டை, மூணு நாலு மாலை எல்லாம் சேர்ந்தா ஆளே காணாமப் போயிடுது.

சூடு பண்ற மெஷின் எதுவும் இல்லாம 10–15 நிமிஷத்துல முடியற தலையலங்காரம் வேணும். பாவாடையை நானே தைக்கத் தயார், மெஷின் இருக்கு. வெட்டற அளவோட சொன்னா உதவியா இருக்கும்.

பின்னல்காரி:
தளர்வாப் பின்னினாதான் தளர்வாத் தெரியும்னு நினைக்கறதுலதான் சிக்கல். படத்துல பாக்கற பொஹோ பின்னல் எல்லாம் முதல்ல இறுக்கிப் பின்னி, அடியில அழுத்தமாக் கட்டி, அதுக்கப்புறம் ஓரத்தை மட்டும் இழுத்து விட்டது. உள்ளே பிடி இருக்கும், வெளியே தளர்வு தெரியும்.

முதல் வேலை முன்முடி. பின்ன ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு காதுக்கும் முன்னால தீக்குச்சி தடிமனுக்கு ஒரு கற்றை பிரிச்சு கிளிப் போட்டு ஒதுக்கிடுங்க. பின்னி முடிச்ச அப்புறம் விரலை விட்டு இழுத்தா எங்கிருந்து எவ்வளவு வருதுங்கறது நம்ம கையில இல்ல. ஒண்ணு நீளமா தொங்கும், இன்னொண்ணு காதுக்கு மேல வில்லு மாதிரி துருத்தும். நீங்க சொல்ற 'வாராத தலை' அங்கதான் வருது.

அடுத்தது பிடி. தலைக்குக் குளிச்ச அன்னைக்கு மெல்லிசு முடி பின்னலுக்கு அடங்காது. மறுநாள் முடி நல்லா வரும். அன்னைக்கேதான் வேணும்னா கண்டிஷனரை நுனிக்கு மட்டும் போடுங்க. காய்ஞ்சதும் கழுத்துக்குக் கீழ இருக்கற முடியில டிரை ஷாம்பூவை (தண்ணியில்லாம அடிக்கற பவுடர் ஸ்பிரே) ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு லேசா அடிச்சு, ரெண்டு நிமிஷம் விட்டு விரலால உதறிக்கங்க.

உங்க முடிக்கு மூணு கால் பின்னலை விட கயிறு முறுக்கு நிக்கும். முடியை ரெண்டாப் பிரிச்சு ரெண்டையும் தனித்தனியா வலது பக்கமா முறுக்குங்க. முறுக்கின ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணா இடது பக்கமாச் சுத்துங்க. ஒவ்வொரு சுத்துக்கும் முன்னாடி கற்றையை மறுபடி ஒரு முறுக்கு வலப்பக்கமா முறுக்கிக்கணும். கற்றை பிரியப் பாக்கற திசையும் கயிறு பிரியப் பாக்கற திசையும் எதிரெதிர், அதனால ஒண்ணை ஒண்ணு பூட்டிக்கும். நிறைய பேர் ரெண்டையும் ஒரே பக்கம் சுத்திட்டு, கையை எடுத்ததும் மொத்தமும் பிரியுதுன்னு சொல்லுவாங்க. முறுக்கையே குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல, திசைதான் தப்பு.

இறங்கற ரப்பர் பேண்டுக்கு: மெல்லிசான சிலிக்கான் பேண்டை மூணு சுத்து போட்டுட்டு, நாலாவது சுத்துல அடிமுடியிலிருந்து ஒரு மெல்லிய கீற்றை உள்ளே இழுத்து வெளியே விட்டுடுங்க. அந்தக் கீற்று கொக்கி மாதிரி பிடிச்சுக்கும். நுனியில 5–6 செ.மீ. விட்டே கட்டுங்க. ஏன்னா இழுத்து விடும்போது பின்னல் குட்டையாகும். கழட்டறப்ப அந்த பேண்டை உருவ வேண்டாம், முடியையும் கூட்டிட்டு வரும். சின்னக் கத்தரியால வெட்டிடுங்க.

இப்ப தளர்த்தறது. இடது கையால நுனியைக் கெட்டியாப் பிடிங்க. வலது கை கட்டைவிரல், ஆள்காட்டி விரலால கீழ் கண்ணியோட வெளி ஓரத்தை மட்டும், ரெண்டு மூணு மில்லிமீட்டர் அளவுக்கு, பக்கவாட்டுல இழுங்க. முன்பக்கமா இழுத்தா உப்பும், பக்கவாட்டுல இழுத்தா அகலமாகும், நமக்கு அகலம்தான் வேணும். கீழிருந்து மேல போங்க. மேலேருந்து ஆரம்பிச்சா கீழ் கண்ணியை இழுக்கறப்ப மேலே விட்ட தளர்வு போயிடும். உச்சிக்கிட்ட வர்றப்ப நிறுத்திக்கங்க. வகிட்டுல இருந்து மூணு விரல் தூரம் வரை வழுவழுன்னு இருந்தாதான் கீழே கலைஞ்சது வேணும்னே செஞ்சதுன்னு தெரியும்.

அவசரத்துக்கு அரைக்கட்டு போதும். கண்புருவ நுனிக்கு நேரா மேலே ரெண்டு பக்கமும் ரெண்டு விரல் அகலக் கற்றை எடுத்து, முகத்தை விட்டு வெளிப்பக்கமா முறுக்கிட்டே பின்னால கொண்டு வாங்க. பிடரிக்கு மேல, காது மட்டத்துல சந்திக்க வெச்சு ரெண்டு ஹேர்பின்னைப் பெருக்கல் குறி மாதிரி குத்துங்க. பின்னோட நெளிநெளியான கால் தலையைத் தொடணும், நேர்கால் வெளியே. தலைகீழாக் குத்தறதாலதான் பாதி பின் நழுவி விழுது. இது நாலு நிமிஷ வேலை.

அலைமுடி:
பின்னல்காரி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நேர்முடியில் எந்தப் பின்னலும் தட்டையாகத்தான் விழும். முதல் நாள் இரவே முடிக்கு அலை கொடுத்துவிட்டால் பின்னலுக்குப் பாதி உடம்பு வந்துவிடும்.

தலைக்குக் குளித்ததும் துண்டில் ஒற்றி, பத்தில் எட்டுப் பங்கு காயும் வரை காத்திருங்கள். தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், கையில் ஈரம் ஒட்டக் கூடாது. நான்கு பின்னல் போடுங்கள், இரண்டு முன்னால், இரண்டு பின்னால். தலையோட்டிலிருந்து தொடங்காமல் கன்ன எலும்பு மட்டத்திலிருந்து தொடங்குங்கள். மேலிருந்தே பின்னினால் வகிட்டருகே உப்பிக்கொண்டு முகம் அகலமாகத் தெரியும். பின்னல் தடிமன் கூடினால் அலை பெரிது. எட்டுப் பின்னல் போட்டால் பொஹோ போய்ச் சுருட்டை வந்துவிடும். நுனியில் கடைசி நான்கு விரல் நேராகவே நிற்கும் என்பது எல்லோருக்கும் வரும் குறை. அதற்கு நுனியை மேல்நோக்கி மடித்து, மடிப்போடு சேர்த்து மென்மையான துணிப்பட்டையால் கட்டுங்கள்.

ஈரத்தில் முடியின் உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் விடுபடும். காயும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அதே வடிவில் மறுபடி கூடும். சொட்டச் சொட்ட ஈரத்தோடு பின்னினால் காலையில் நடுப்பகுதி காய்ந்திருக்காது, அவிழ்த்த அரை மணியில் நேராகிவிடும். ஈரமுடி எளிதில் நீண்டு அறுந்தும் போகும். அதனால் இந்த இரவுப் பின்னல் மட்டும் நிஜமாகவே தளர்வாக இருக்கட்டும்.

காலையில் சீப்பு வேண்டாம். சீவினால் அலை பிரிந்து பஞ்சாகிவிடும். உள்ளங்கையில் இரண்டு சொட்டு எண்ணெய் தேய்த்து, விரல்களை மட்டும் நுழைத்துப் பிரியுங்கள்.

பிடிப்புக்கு 250 மி.லி. வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி உப்பு கரைத்து, ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி, முடியின் கீழ்ப்பாதியில் ஆறேழு முறை அடித்துக் கசக்கிவிடலாம்.

பின்னல்காரி:
உப்புத் தண்ணி விஷயத்துல மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். வாரத்துக்கு ஒரு தடவைன்னா சரி. தினமும் அடிச்சா முடி வறண்டு சொரசொரன்னு ஆகும், கலர் பண்ணின முடின்னா இன்னும் மோசம். அதுக்குப் பதிலா ஆளிவிதை ஜெல் பாருங்க. ரெண்டு மேசைக்கரண்டி விதை, 500 மி.லி. தண்ணி, மிதமான தீயில கிளறிக்கிட்டே இருங்க. சுமார் பத்து நிமிஷத்துல கரண்டியிலிருந்து முட்டையோட வெள்ளைக்கரு மாதிரி இழையா ஒழுகும். அப்பவே, சூடா இருக்கறப்பவே வடிகட்டணும். ஆறவிட்டா விதையோட ஒட்டிக்கிட்டு வடியவே வடியாது. ஃபிரிட்ஜுல ஒரு வாரம் வெச்சுக்கலாம், வாடை மாறினா கொட்டிடுங்க. ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டி போதும், அதுக்கு மேல போனா செதில் செதிலா உதிரும்.

அலைமுடி:
ஒப்புக்கொள்கிறேன், தினசரிக்கு ஜெல்தான் நல்லது. உப்புநீர் எண்ணெய்ப்பசை மிகுந்த முடிக்கு.

நூல்கண்டு:
பாவாடைக்கு வருகிறேன். மூட்டை போலத் தெரிவதற்கு மூன்று காரணங்கள் உண்டு: விறைப்பான துணி, எல்லா அடுக்கும் ஒரே உயரம், மேலே கீழே இரண்டுமே தொளதொளப்பு.

விறைத்த காட்டனில் சுருக்கு வைத்தால் குடை விரிந்த மாதிரி நிற்கும். ரேயான் அல்லது வாயில் (voile) எனும் மெல்லிய துணி எடுங்கள், உடலோடு விழும். ரேயான் முதல் துவைப்பில் சுருங்கும். வெட்டும் முன் ஒரு முறை துவைத்து, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுங்கள். தைத்தபின் சுருங்கினால் கணுக்கால் பாவாடை கெண்டைக்காலுக்கு ஏறிவிடும்.

இடுப்புக்குக் கீழ் அகலமான இடம் 92 செ.மீ., மொத்த நீளம் 90 என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன், உங்கள் அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தைத்தபின் உயரம் மேலடுக்கு 24, நடு 29, கீழ் 37. கீழே போகப்போக உயரம் கூடினால் கண் கீழ்நோக்கி ஓடும். சம உயரத்தில் வைத்தால் உடலை மூன்று துண்டாக வெட்டியது போலக் குட்டையாகத் தெரியும். சுற்றளவு 100, 150, 210. முந்தையதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகாதீர்கள்; இரண்டு மடங்கு சுருக்கு உயரமானவர்களுக்கு.

வெட்டும் அளவில் தையலுக்கு ஓரத்துக்கு 1.5 செ.மீ. சேர்த்திருக்கிறேன். மேலடுக்கு 103 × 29.5, ஒரு துண்டு. நடுவடுக்கு 78 × 32, இரண்டு துண்டு. கீழடுக்கு 108 × 40.5, இரண்டு துண்டு. மேலே எலாஸ்டிக் மடிப்புக்கு 4, கீழே மடித்துத் தைக்க 2 இதில் அடக்கம். 110 அகலத் துணியில் 2 மீட்டர் சரியாக இருக்கும், சுருங்குவதற்கும் கொஞ்சம் மிஞ்சும். துவைத்த பிறகு அகலம் 108க்குக் குறைந்திருந்தால் கீழடுக்கை இருக்கிற அகலத்துக்கே வெட்டுங்கள். நாலைந்து செ.மீ. குறைந்தால் தெரியாது. எலாஸ்டிக் 2.5 செ.மீ. பட்டை, இடுப்புச் சுற்றளவை விட 5 குறைவாக.

தொடக்கக்காரர் தடுமாறும் இடம் சுருக்கு. மெஷினில் தையல் நீளத்தை அதிகபட்சமாக வைத்து, விளிம்பிலிருந்து 1 செ.மீ. தள்ளி ஒரு ஓட்டம், 2 செ.மீ. தள்ளி இன்னொரு ஓட்டம் ஓட்டுங்கள். தொடக்கத்தில், முடிவில் பின்தையல் போடக் கூடாது. நடுவில் 1.5இல் அடுக்குகளை இணைக்கப் போகிறீர்கள், முடிந்ததும் வெளியே தெரியும் 2 செ.மீ. ஓட்டத்தை உருவிவிடலாம். அடியில் வரும் பாபின் நூல்கள் இரண்டையும் சேர்த்து இழுங்கள், மேல்நூலை இழுத்தால் அறுந்துவிடும். ஒரே ஓட்டமாக ஓட்டுகிறவர்கள் 200 செ.மீ. சுருக்கி முடிக்கும் நேரத்தில் நூல் அறுந்து மறுபடி தொடங்குவார்கள். இழுக்கும் முன் மேலடுக்கின் கீழ்விளிம்பையும் நடுவடுக்கின் மேல்விளிம்பையும் நான்காக மடித்துச் சாக்பீஸால் குறியிட்டு, குறிக்குக் குறி குண்டூசி குத்துங்கள். குறியில்லாமல் இழுத்தால் பின்பக்கம் மொத்தச் சுருக்கும் குவிந்து, முன்பக்கம் தட்டையாக நிற்கும்.

மேலே என்ன போடுவது: பாவாடை அகலமாக இருக்கும்போது மேல்சட்டை உடம்போடு ஒட்டியதாக, அல்லது இடுப்போடு முடிவதாக இருக்கட்டும். தொளதொளச் சட்டைதான் பிடித்திருக்கிறது என்றால் முன்பக்கத்தை மட்டும் பாவாடைக்குள் செருகி இடுப்பைக் காட்டுங்கள். கீழே பெரிய பூ என்றால் மேலே வெற்று நிறம். 155 உயரத்துக்கு உள்ளங்கையை விடப் பெரிய பூவை நான் எடுக்க மாட்டேன். மாலை மூன்று போதும், 40, 50, 65 செ.மீ. நீளத்தில். மூன்றும் ஒரே எடையில் இருந்தால் பின்னிக்கொள்ளும். மேலே மெல்லிய சங்கிலி, கீழே கனமான பதக்கம் வைத்தால் பதக்கம் தன் இடத்தில் நிற்கும். முடியை விரித்துவிடும் நாளில் குஞ்சம் வைத்த காதணி வேண்டாம், மாலைக்குள் முடிச்சாகிவிடும்.

பழைய_பெட்டி:
சின்ன இடைச்செருகல். பொஹீமியா இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி. பிரான்ஸுக்கு வந்த ரோமா என்ற நாடோடி இன மக்கள் அங்கிருந்து வந்ததாக நினைத்து அவர்களை 'பொஹீமியன்' என்றார்கள். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கையில் காசில்லாத ஓவியர்கள், எழுத்தாளர்கள் மேல் அந்தப் பெயர் ஏறியது. கிடைத்த பழையதைச் சேர்த்து உடுத்தியவர்களின் பெயர் அது. அதனால்தான் பாவாடை, மேல்சட்டை, பை, காதணி எல்லாம் ஒரே செட்டாக வாங்கினால் மாறுவேடப் போட்டிக்குப் போவது போல் ஆகிறது. பொஹோ என்று பெயர் சொல்லக்கூடிய பொருள் இரண்டு போதும், மிச்சம் அன்றாடம் போடும் ஜீன்ஸோ வெற்றுச் சட்டையோ இருக்கட்டும்.

தூறல்:
கயிறு முறுக்கு இப்பவே போட்டுப் பாத்தேன், திசை மாத்தினதும் நிக்குது! இன்னும் ரெண்டே கேள்வி. தலையில கட்டற ஸ்கார்ஃப் வழுக்கிக்கிட்டே பின்னால போகுது, சாட்டின் துணி. அப்புறம், கையில பின்னின குரோஷே மேல்சட்டை தோள்ல நீண்டு தொங்குது.

பின்னல்காரி:
சாட்டினும் வழுக்கும், உங்க முடியும் வழுக்கும், ரெண்டும் சேர்ந்தா எப்படி நிக்கும்? 70 செ.மீ. சதுரக் காட்டன் துணியை மூலைக்கு மூலை மடிச்சு, ஆறேழு செ.மீ. பட்டையா மடிச்சுக்கிட்டே போங்க. நடுவைப் பிடரியில, முடிக்கு அடியில வெச்சு, ரெண்டு நுனியையும் காதுக்குப் பின்னால ஏத்தி, உச்சியில கொஞ்சம் ஒதுக்கி முடிச்சுப் போடுங்க. சாட்டினேதான் வேணும்னா அடியில மெல்லிசான காட்டன் ஹெட்பேண்ட் போட்டு அது மேல கட்டுங்க. காதுக்குப் பின்னால பக்கத்துக்கு ஒரு பின், துணியையும் முடியையும் சேர்த்து. நெத்தி ஓரம் சுருக்குன்னு இழுக்கற மாதிரி இருந்தா உடனே தளர்த்திடுங்க. பின்னலுக்கும் இதே கணக்குதான். தினமும் ஒரே இடத்துல இழுபட்டா அந்த இடத்துல முடி கொட்ட ஆரம்பிக்கும்.

நூல்கண்டு:
குரோஷேயை ஹாங்கரில் மாட்டாதீர்கள், அதன் எடையே அதை நீட்டும். மடித்து வையுங்கள். துவைத்ததும் பிழியாமல், துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்து, தட்டையாகப் பரப்பி, கையால் பழைய அளவுக்குக் கூட்டிவைத்துக் காயவிடுங்கள். ஏற்கெனவே நீண்ட தோளுக்கு, உள்பக்கம் தோள் தையலை ஒட்டி நீளாத பருத்தி நாடா ஒன்றைக் கைத்தையலாகப் பிடித்துவிடுங்கள். நாடாவை நீங்கள் விரும்பும் தோள் அளவுக்கு வெட்டி, பின்னலை அதற்குள் சமமாக அடக்கித் தைக்க வேண்டும்.

தூறல்:
நாடா எவ்வளவு அகலம்?

நூல்கண்டு:
6 மி.மீ. அதற்கு மேல் போனால் கண்ணி வழியாக வெளியே தெரியும். நூல் நிறமும் சட்டை நிறமும் ஒன்றாக இருக்கட்டும்.