மறு: கீப்பருக்குத் தமிழில் என்ன சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டில் நாமே செய்துகொள்ளக்கூடிய பழுதுவேலைகளுக்கு ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். குழாய், மின்விசிறி எல்லாம் தாண்டி வந்துவிட்டேன். பேட்டியோ கதவின் பூட்டில் மாட்டிக்கொண்டேன். பெரிய கண்ணாடி பதித்த சறுக்குக் கதவு அது. உள்பக்கம் இருக்கும் திருகியைத் திருப்பினால் கதவின் விளிம்பிலிருந்து ஒரு கொக்கி எட்டிப் பார்த்து, நிலையில் அடித்திருக்கும் தகட்டுக்குள் நுழைந்து பிடித்துக்கொள்ளும். அந்தத் தகட்டைக் கீப்பர் என்கிறார்கள், சிலர் ஸ்ட்ரைக் என்கிறார்கள். தமிழில் எழுத உட்கார்ந்தால் 'காப்பான்' என்று வருகிறது. எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

கொக்கிக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த சின்ன முனை ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். பூட்டின் படத்தில் அதற்கு ஆன்டி-ஸ்லாம் (அறைதல் தடுப்பு) என்று போட்டிருக்கிறது. அதற்கும் ஒரு பெயர் வேண்டும்.

---

> 'காப்பான்' என்று வருகிறது

அது வேண்டாம். 'பூட்டு ஏற்பி' என்று வைக்கலாமே. உயிரியல் பாடத்தில் ரிசெப்டார் என்பதை ஏற்பி என்றுதான் எழுதுகிறோம். கொக்கியை ஏற்றுக்கொள்வதால் இதுவும் ஏற்பி. அந்த முனைக்கு 'மோதல் தடுப்பான்'. பேட்டியோ ஸ்பானியச் சொல். வீட்டுக்குள் வானம் பார்த்திருக்கும் திறந்த வெளியைக் குறித்தது. நம்மிடம் முற்றம் கைவசம் இருக்கும்போது 'முற்றக் கதவு' என்று எழுதுவதில் என்ன தயக்கம்?

---

முற்றக் கதவு சரி, எடுத்துக்கொள்ளலாம். மற்ற இரண்டிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. காரணத்தைச் சொல்ல என் வீட்டுக் கதவின் கதையைச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் அந்தக் கதவு பூட்ட மறுத்தது. திருகி பாதி தூரம் போகும், அப்புறம் இரும்பில் இரும்பு இடிக்கும். பூட்டு போய்விட்டது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். கதவைத் திறந்து வைத்து, உள்பக்கக் கைப்பிடியைப் பிடித்திருந்த இரண்டு திருகாணிகளைக் கழற்றினேன். கைப்பிடி வந்தது. கதவு விளிம்பில் இருந்த இரண்டையும் கழற்றி, உள்ளே புதைந்திருந்த பூட்டை வெளியே இழுத்து மேசைமேல் வைத்தேன். திருகியின் வால் நுழைகிற வெட்டில் திருப்புளியை விட்டுத் திருப்பிப் பார்த்தால் அது அசையவே இல்லை. பார்த்தாயா, நான் சொன்னது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதுசு வாங்கப் பழையதை அளந்துகொண்டிருந்தேன். முகத்தகட்டின் திருகாணித் துளைகளுக்கு இடையே எவ்வளவு, தகட்டின் முனை வளைவா சதுரமா, வெட்டு நேராக நிற்கிறதா 45 பாகை சாய்ந்து நிற்கிறதா, எல்லாம் குறிக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் புதுப் பூட்டு பொருந்தாது. அளக்கும்போது பெருவிரல் தற்செயலாக அந்தச் சின்ன முனைமேல் பட்டு அமுங்கியது. அந்த நேரம் பார்த்துத் திருப்புளியும் திரும்பியது. கொக்கி 'டக்' என்று வெளியே வந்து நின்றது.

பூட்டில் ஒரு குறையும் இல்லை. கதவு திறந்திருக்கும்போது அந்த முனை வெளியே துருத்திக்கொண்டு கொக்கியை வரவிடாமல் பிடித்திருக்கும். கதவு மூடி, முனை நிலையில் பட்டு அமுங்கினால்தான் கொக்கிக்கு விடுதலை. கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும்போது கதவை இழுத்து அறைந்தால் கொக்கியோ எதிரே உள்ள தகடோ உடையும் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. எல்லாப் பூட்டிலும் இருக்காது. இருக்கிற பூட்டில் இதை அறியாமல், திறந்த கதவில் சோதித்துப் பார்த்து நல்ல பூட்டைத் தூக்கிப் போட்டவர்கள் என்னைப் போல் இன்னும் இருப்பார்கள்.

சரி, மூடிய கதவில் ஏன் இடித்தது? நிலையில் இருந்த தகட்டைக் குனிந்து பார்த்தேன். துளைக்குச் சற்றுக் கீழே, பளபளவென்று புதிதாக ஒரு கீறல். கொக்கி நுனியில் சாக்பீஸ் தடவிப் பூட்டிப் பார்த்தேன். வெள்ளைத் தடம் அதே இடத்தில் விழுந்தது. கதவு கீழே இறங்கியிருந்தது, அவ்வளவுதான். கதவின் அடியில் இருக்கும் உருளைகளில் முடியும் தூசியும் சுற்றிக் கிடந்தன. தண்டவாளத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து உறிஞ்சி எடுத்தேன். கதவின் கீழ் விளிம்பில் சின்ன மூடிகளுக்குப் பின்னால் உருளைத் திருகாணிகள் ஒளிந்திருந்தன. ஒருவர் தட்டையான கம்பியால் கதவை லேசாக நெம்பிக்கொள்ள, நான் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பினேன். பெரும்பாலும் வலப்பக்கம் திருப்பினால் கதவு உயரும், சிலவற்றில் நேர்மாறு. நிலைக்கும் கதவுக்கும் இடையே உள்ள சந்து மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக வந்ததும் நிறுத்தினேன். மீதி இருந்த இரண்டு மி.மீ. வித்தியாசத்துக்கு அந்தத் தகட்டின் திருகாணிகளைத் தளர்த்திக் கொஞ்சம் கீழே இறக்கினேன். துளைகள் நீள்வட்டமாக இருப்பதே அதற்காகத்தான்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். 'ஏற்பி' என்றால் சும்மா வாய் திறந்து காத்திருக்கும் ஒரு பொருள்தான் மனதில் வருகிறது. இந்தத் தகட்டின் வேலை ஏற்பதோடு முடிவதில்லை. வெளியிலிருந்து ஒருவர் கதவை இழுத்தால் முழு இழுப்பும் இதன் இரண்டு திருகாணிகள்மேல்தான் வந்து விழும். ஆகவே இது தாங்குகிற பொருள். அதற்கான சொல்லும் நம் கதவுகளில் ஏற்கெனவே இருக்கிறது: நாதாங்கி. நாவைத் தாங்குவது நாதாங்கி. புதிதாக எதற்கு?

தாழ் என்று யாராவது சொல்வதற்கு முன் அதையும் முடித்துவிடுகிறேன். குறளிலேயே இருக்கும் பழைய சொல், 71-இலும் 1251-இலும் வருகிறது. ஆனால் 1251-இல் அது 'வீழ்த்த' தாழ், மேலிருந்து விழுவது. நம் பூட்டில் இருப்பது வளைந்து ஏறி மாட்டிக்கொள்வது. அதைத் தாழ் என்பதைவிடக் கொண்டி என்பது பொருந்தும்.

---

> நாவைத் தாங்குவது நாதாங்கி

சொற்பிறப்புக்கு மறுப்பில்லை. ஆனால் நான் வளர்ந்த வீட்டில் நாதாங்கி என்றால் சங்கிலி, வளையம், கொக்கி எல்லாம் சேர்ந்த மொத்தம். 'நாதாங்கியைப் போட்டுட்டு வா' என்றால் கதவைச் சாத்தித் தாழிடு என்றுதான் அர்த்தம். கையேட்டில் 'நாதாங்கியின் திருகாணிகளைத் தளர்த்துங்கள்' என்று இருந்தால் நான் நேரே கொக்கிப் பக்கம்தான் திருப்புளியோடு போவேன். அப்புறம் யார் பொறுப்பு?

இன்னொன்று. முற்றக் கதவு என்றால் சறுக்குவது மட்டும் இல்லை. கீல் வைத்துத் திறக்கும் இரட்டைக் கதவும் உண்டு. அதில் கைப்பிடியை மேலே தூக்கினால் மேலும் கீழும் நடுவிலும் கொக்கிகளும் முளைகளும் ஒரே நேரத்தில் வெளிவரும், பிறகு சாவியைத் திருப்ப வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே நிலையில் ஒரு தகடு. எல்லாமே நாதாங்கியா?

---

நாதாங்கியை முன்வைத்த நானே ஒப்புக்கொள்கிறேன். பழுது பார்ப்பவரைத் தவறான இடத்துக்கு அனுப்பும் சொல், எவ்வளவு பழையதாக இருந்தாலும் கையேட்டுக்கு ஆகாது.

அப்படியென்றால் நாதாங்கியை விட்டுவிட்டு அதன் வார்ப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். சுமைதாங்கி, இடிதாங்கி என்று நமக்குப் பழகிய வார்ப்புதான். கொண்டியைத் தாங்குவது கொண்டிதாங்கி, முளையைத் தாங்குவது முளைதாங்கி. இரட்டைக் கதவில் மூன்று கொண்டிகள் இருந்தால் மேல் கொண்டிதாங்கி, நடுக் கொண்டிதாங்கி என்று பிரித்துச் சொல்லவும் வரும். ஒரு முறை முழுசாகச் சொன்ன பிறகு வெறும் 'தாங்கி' போதும்.

கொண்டி மாடு என்று ஊர் மேயும் மாட்டையும் சொல்வார்கள். கதவு பற்றிய அத்தியாயத்தில் யாருக்கும் மாடு நினைவுக்கு வராது என்று நம்புகிறேன்.

> அந்த முனைக்கு 'மோதல் தடுப்பான்'

ஆங்கிலப் பெயரைப் பார்த்து வைத்தது இது. அந்த முனை எந்த மோதலையும் தடுப்பதில்லை, கதவு அறைந்துகொள்ளத்தான் செய்யும். கொண்டி வெளிவராமல் பிடித்திருப்பதும், அமுக்கினால் விட்டுவிடுவதும்தான் அதன் வேலை. அமுக்கினால் விடும் என்பதுதான் படிப்பவருக்குத் தெரிய வேண்டியது. ஆகவே 'விடுமுனை' என்கிறேன். தொங்குபாலம் மாதிரி வினைத்தொகை, நாக்கில் தடுக்காது.

பெயர் வைக்கும்போது ஒரு பொருள் எதற்காகப் பிறந்தது என்று பார்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. பூட்டு இறுகினால் எல்லோரும் கை நீட்டும் டபிள்யூடி-40 என்ற தெளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1953-இல் ஈரத்தை விரட்டத் தயாரித்த கலவை. நாற்பதாவது முயற்சியில் கைகூடியது, அதனால் அந்தப் பெயர். நீர் விரட்டுவது (வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட்) என்பது பெயரிலேயே இருக்கிறது. இறுகிய பூட்டை இளக்க உதவும், ஆனால் சாவித் துளைக்கு அதையே நிரந்தர மசகாக நம்புவது சரியில்லை. எண்ணெயும் கூடாது, அது தூசியைப் பிடித்து வைத்துப் பசையாகிவிடும். கிராஃபைட் தூளோ, தெளித்ததும் காய்ந்துவிடும் டெஃப்லான் வகையோதான் நல்லது. கையேட்டில் 'மசகு இடவும்' என்று மட்டும் எழுதினால் பாதிப் பேர் சமையலறை எண்ணெயை ஊற்றுவார்கள். 'உலர்மசகு' என்று எழுதுங்கள். தண்டவாளத்துக்குச் சிலிக்கோன் தெளிப்பு போதும், கிரீஸ் வேண்டவே வேண்டாம்.

இப்படிக் கதவுக்குள் புதைந்திருக்கும் பூட்டை மார்ட்டைஸ் லாக் என்பார்கள், அதற்குப் 'புதைபூட்டு' என்று நான் வைத்திருக்கிறேன். ஆனால் கடையில் கேட்கும்போது மார்ட்டைஸ் என்றே கேட்க வேண்டியிருக்கும். இரண்டையும் ஒரு முறை சேர்த்து எழுதிவிடுங்கள். ரோலருக்கு உருளை. இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

---

எல்லோருக்கும் நன்றி. ஏற்பியை முன்வைத்தவர் தனி மடலில் தாங்கிக்கு வந்துவிட்டார். இந்தச் சொற்களை வைத்துக் கையேட்டுக்கு ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

'திருகி முழுவதும் திரும்பவில்லை என்றால் முதலில் கதவைத் திறந்து வைத்து, விடுமுனையை விரலால் அமுக்கிக்கொண்டு திருகியைத் திருப்புங்கள். கொண்டி தடையின்றி வெளிவந்தால் புதைபூட்டு நன்றாக இருக்கிறது. அதைக் கழற்ற வேண்டாம். கொண்டியை உள்ளே இழுத்த பிறகே கதவை மூடுங்கள். கொண்டிதாங்கியில் புதிய கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். கீறல் துளைக்குக் கீழே இருந்தால் கதவு இறங்கியிருக்கிறது: தண்டவாளத்தைத் துடைத்து, உருளைத் திருகாணிகளால் கதவை உயர்த்துங்கள். அதற்குப் பிறகும் ஓரிரண்டு மி.மீ. ஒத்துவரவில்லை என்றால் மட்டும் தாங்கியைத் தளர்த்தி நகர்த்துங்கள்.'

திருப்புளியையே தொட்டறியாத ஒருவரிடம் இதைப் படிக்கக் கொடுத்தேன். கொண்டிதாங்கியில் அவர் நிற்கவே இல்லை. விடுமுனையில்தான் நின்றார். தாளைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து போய்க் கதவைத் திறந்து, விளிம்பைத் தடவித் தேடி, கண்டுபிடித்து அமுக்கிக்கொண்டு திருகியைத் திருப்பினார். கொண்டி வெளியே வந்ததும் திரும்பி வந்து உட்கார்ந்து மீதியைப் படித்தார். கொண்டியை உள்ளே இழுக்கத்தான் மறந்துவிட்டார். அந்த வரியைத் தடித்த எழுத்தில் போடப்போகிறேன்.