ரொட்டியும் சம்பலும் யாருடைய சமையல்?

சமவெளியான்:
ஊட்டிக்குப் போகும் வழியில் ஒரு கடையில் 'சிலோன் சாப்பாடு' என்று பலகை தொங்குகிறது. உள்ளே தேங்காய் ரொட்டி, சம்பல், பருப்பு, சொதி. நடத்துவது தாயகம் திரும்பிய குடும்பம். சாப்பாட்டில் குறையில்லை, பலகைதான் எனக்கு ஒப்பவில்லை. இவர்களின் முன்னோர் திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் பக்கத்திலிருந்து இலங்கையின் கண்டிச் சீமைக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனவர்கள். இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பியவர்கள். போனதும் நம் சமையல், வந்ததும் நம் சமையல். தேங்காய்த் துவையலுக்குச் சம்பல் என்று பெயர் சூட்டினால் அது வேறு நாட்டுப் பண்டமாகிவிடுமா?

கூடலூர்க்காரி:
ஐயா, துவையல் அரைத்துப் பழக்கமா, சாப்பிட்டு மட்டும் பழக்கமா?

துவையலுக்கு மிளகாயையும் பருப்பையும் எண்ணெயில் வறுப்போம், புளி வைப்போம், தேங்காயோடு சேர்த்து அரைப்போம். சம்பலுக்கு அடுப்பே வேண்டாம். காய்ந்த மிளகாயையும் உப்பையும் அம்மியில் முதலில் நசுக்க வேண்டும். அதன்மேல் மாசிக் கருவாடு, பிறகு சின்ன வெங்காயம். வெங்காயம் கூழாகக் கூடாது, நசுங்கினால் போதும். கடைசியில் பச்சைத் தேங்காய்ப்பூவைப் போட்டு, மிளகாய்ச் சிவப்பு ஏறும்வரை அழுத்தி இழுக்க வேண்டும். எலுமிச்சையைக் கையால் பிழிந்து உடனே சாப்பிட வேண்டும். மாசி மாலத்தீவுச் சரக்கு. சூரை மீனை அவித்து, புகையூட்டி, கட்டையாகக் காயவைத்தது. இங்கே அது கிடைக்காத நாளில் என் மாமியார் நெத்திலிக் கருவாட்டை வறுத்துப் பொடித்துப் போடுவார். புதுக்கோட்டையில் எந்த வீட்டுத் துவையலில் கருவாடு விழுகிறது?

ரொட்டியும் ஊரிலிருந்து கொண்டுபோனதில்லை. 1942இல் பர்மா ஜப்பானிடம் வீழ்ந்ததும் இலங்கைக்கு அரிசி வரத்து நின்றது. பங்கீட்டில் கோதுமை மா வந்தது. 1970களின் முற்பகுதியில் மறுபடி உணவுத் தட்டுப்பாடு, தோட்டங்களில் பட்டினிச் சாவே நடந்தது. கிடைத்த மாவில் தேங்காயைத் துருவிப் போட்டு, கனமாகத் தட்டிச் சுட்டுக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனார்கள். அதை உங்கள் பாட்டி வீட்டுச் சமையல் என்கிறீர்களா?

சமவெளியான்:
அம்மா, கோபம் வேண்டாம். பஞ்சத்தில் எதைத் தின்றாலும் அதைத் தனிச் சமையல் என்று எண்ணிவிட முடியாது என்பதே என் வாதம். சொதியையே எடுங்கள். திருநெல்வேலியில் மறுவீட்டு விருந்துக்குச் சொதி வைக்காமல் விடுவார்களா? தேங்காய்ப்பால் நம்மிடம் இல்லாததா?

கூடலூர்க்காரி:
நெல்லைச் சொதியில் பாசிப்பருப்பும் காய்கறியும் நிறைய இருக்கும். சோற்றில் பிசைந்து, இஞ்சித் துவையலோடு சாப்பிடும் குழம்பு அது. எங்கள் வீட்டுச் சொதி மஞ்சள் போட்ட தண்ணீர்ப் பால், இடியப்பத்தை நனைப்பதற்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சுவைத்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

இன்னொன்று. இலங்கை மலைநாட்டிலிருந்து வந்து இறங்கியவர்களைச் 'சிலோன்காரர்' என்று ஒதுக்கியது நீங்கள் சொல்லும் 'நம்'மவர்கள்தான். ஒதுக்கப் பயன்பட்ட பெயர் பலகையில் ஏறியதும் உறுத்துகிறதா?

அவரைப்பந்தல்:
இருவரும் இந்த நீலகிரி மலை 1968இல், தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க வந்த அரசுத் தேயிலைத் திட்டத்தோடு பிறந்ததுபோலப் பேசுகிறீர்கள். இந்த மலையின் படகர் சமூகத்து வீடுகளில் அதற்கு வெகுகாலம் முன்பே அடுப்பு எரிந்தது. ராகிக் களி, கீரை, அவரையும் உருளைக்கிழங்கும் போட்ட 'உதக்க' என்னும் குழம்பு. இதற்குப் பலகை வைத்த கடை எத்தனை இருக்கிறது? வீட்டுக்கு வந்தால்தான் கிடைக்கும்.

எல்லைக்கடை:
அவரை அண்ணா, கேட்பதால் கோபிக்காதீர்கள். உதக்கவில் விழும் உருளைக்கிழங்கு 1820களில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில் நீலகிரிக்கு ஏறியது. அதையும் வெள்ளைக்காரன் சமையல் என்று எழுதிவிடலாமா?

நான் வயநாட்டு எல்லையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். தாயகம் திரும்பிய வீட்டார் மீன் குழம்பின் புளிப்புக்குக் கொறுக்காய் கேட்பார்கள். நான் குடம்புளி எடுத்துக் கொடுப்பேன். இரண்டும் ஒரே மரத்துக் காய். இலங்கையில் காயவைத்து அரைத்து, மீன் துண்டின்மேல் கறுப்பாகப் பூசி வற்றவைக்கிறார்கள். மலையாளிகள் புகையில் காயவைத்ததை ஊறப்போட்டுக் குழம்பில் விடுகிறார்கள். குடகில் அதன் சாற்றைக் கறுப்புப் பாகாகக் காய்ச்சிப் பன்றிக் கறியில் ஊற்றுகிறார்கள். கூடலூரிலிருந்து வயநாடு பக்கம், குடகும் தொலைவில்லை. இதை எந்த நாட்டுச் சமையல் கணக்கில் எழுதுவது என்று சமவெளி ஐயா சொல்லட்டும்.

சமவெளியான்:
காய் ஒன்றானாலும் கைப்பழக்கம் வேறு என்று நீங்களே காட்டிவிட்டீர்கள். அதையேதான் கேட்கிறேன்: அந்தப் பழக்கம் இங்கே எத்தனை நாள் நிற்கும்? இன்று அவர்கள் பிள்ளைகள் ரேஷன் அரிசியும் துவரம்பருப்புச் சாம்பாரும்தான் சாப்பிடுகிறார்கள்.

அவரைப்பந்தல்:
ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அவரையை முதல் நாளே ஊறவைக்காவிட்டால் வேகாது, துவரை குக்கர் இல்லாமல் அசையாது. மைசூர்ப் பருப்பு மட்டும் சாதாரணச் சட்டியிலேயே குழைந்துவிடும். அதைத் தேங்காய்ப்பாலில் வேகவைக்கும் அவர்கள் வழக்கம் மலைக்கு வசதியானது. என் வீட்டிலும் இப்போது அதுதான். சமவெளிச் சாம்பார் தானாக ஜெயிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கூடலூர்க்காரி:
நன்றி அண்ணா. என் வீட்டில் சாம்பாரும் உண்டு, யாருக்கும் வெட்கமில்லை. மீன் வாங்கும் நாளில் மட்டும் கறுத்த தூள்தான். சமவெளி ஐயா முயன்று பார்க்கட்டும்: மல்லி இரண்டு பங்கு, சீரகம் ஒரு பங்கு, பெருஞ்சீரகம் அரைப் பங்கு, கொஞ்சம் வெந்தயம், பட்டை, ஏலம், கறிவேப்பிலை. எண்ணெய் விடாமல் சிறு தீயில், மல்லி காப்பிக்கொட்டை நிறத்துக்கு வரும்வரை வறுக்க வேண்டும். சாம்பார்ப் பொடிக்கு நிறுத்தும் பதத்தில் இறக்கிவிட்டு, 'எல்லாம் நம் சமையல்தான்' என்று மறுபடி எழுத வராதீர்கள்.